தேங்காய் நார்க்கழிவை மக்கவைத்துத் தக்காளி வயலுக்குப் போட்ட அனுபவம்

பொள்ளாச்சி, கிணத்துக்கடவு பக்கம் எந்த ஊர் வழியாகப் போனாலும் தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரிக்கும் மஞ்சி மில் ஒன்று கண்ணில் படும். மில்லுக்குப் பின்னால், நார் எடுத்தபின் மிஞ்சும் தூளான நார்க்கழிவு குவிந்து கிடக்கும். ஒரு டன் நார் எடுத்தால் ஏறத்தாழ இரண்டு டன் கழிவு விழுகிறது. அதில் நல்ல பகுதியைக் கழுவி, காயவைத்து, ஐந்து கிலோ கட்டிகளாக அழுத்தி வெளிநாட்டுப் பசுமைக்குடில்களுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். கட்டிக்கு ஆகாதது, நீண்ட நார் கலந்தது, பல மழை கண்டு கறுத்துப் போனது எல்லாம் அங்கேயே தங்கிவிடுகிறது. மழை பெய்தால் அதிலிருந்து காப்பித் தூள் நிறத்தில் தண்ணீர் வடிகிறது. சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீர் நிறம் மாறுகிறது என்ற புகார் வருஷக்கணக்காக உண்டு. 2021இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நார்த் தொழிலை, மாசு அநேகமாக இல்லாத வெள்ளை வகையிலிருந்து நடுத்தர மாசுள்ள ஆரஞ்சு வகைக்கு மாற்றியதற்குப் பின்னால் இந்தப் பிரச்சினை இருக்கிறது.

அந்தக் கழிவை நான் எடுத்துவந்து மக்கவைத்தது முதலில் கிணற்றுக்காக அல்ல, என் மண்ணுக்காக. சரளை கலந்த செம்மண். சொட்டுநீர் போட்டுத் தக்காளி வைத்தாலும் மதியம் இலை துவண்டுவிடும். காலையில் விட்ட தண்ணீர் சாயங்காலத்துக்குள் கீழே இறங்கியிருக்கும். மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கரிமம் 'குறைவு' என்றுதான் ஒவ்வொரு முறையும் வரும். மாட்டு எரு இப்போது கேட்ட அளவுக்குக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் பாதி மண்ணாக வருகிறது. நார்க்கழிவோ தன் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். மக்கிய பிறகு அவ்வளவு பிடிக்காவிட்டாலும் என் செம்மண்ணுக்கு அது பெரிய வரவு.

நார்க்கழிவு லோடு வந்து இறங்கியதைப் பார்த்த பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வரப்பில் நின்றபடியே கேட்டார்: "ஏம் மாப்ளே, இதைப் போட்டா செடி மஞ்சக் கட்டிப் போகுமே?"

"பச்சையாப் போட்டாத்தானுங்க மாமா மஞ்சக் கட்டும். மக்க வெச்சுத்தான் போடப் போறேன்."

அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. இந்தப் பக்கம் பலர் மில்லிலிருந்து நேராக வயலில் கொட்டிவிட்டுப் பயிர் வெளுத்துப் போய் நின்றதைப் பார்த்திருக்கிறார்கள். காரணம் எளிது. பச்சை நார்க்கழிவில் கரிமம், தழைச்சத்து (நைட்ரஜன்) விகிதம் 112க்கு 1 என்று தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிறது. அவ்வளவு கரிமத்தைத் தின்னப் புறப்படும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும். கழிவில் இல்லாததால் மண்ணில் இருப்பதை எடுத்துக்கொள்ளும்; செடி பட்டினி கிடக்கும். போதாததற்கு லிக்னின் 30 சதவீதம். மரத்தை மரமாக நிறுத்தும் பொருள் அது. சாதாரண நுண்ணுயிர்கள் சீக்கிரம் தொடுவதில்லை. டானின் என்ற துவர்ப்புப் பொருளும் உண்டு. இந்த மூன்றையும் வயலுக்கு வெளியே முடித்துக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான் வேலை.

எந்தக் குவியலிலிருந்து எடுப்பது என்பதில் கொஞ்சம் நேரம் செலவிட்டேன். மில்காரர் புதுக் கழிவைத்தான் காட்டினார். சுத்தமாக, பொன் நிறத்தில் இருந்தது. நான் கேட்டது பின்னால் கிடந்த பழைய கறுப்புக் குவியல். மழையில் ஊறி ஊறி அதன் உப்பும் டானினும் பெரும்பகுதி இறங்கிவிட்டிருக்கும். வீட்டில் சோதித்துப் பார்க்க வழி உண்டு. ஒரு பங்கு கழிவை ஐந்து பங்கு நல்ல தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, பேனா மாதிரி இருக்கும் ஈசி மீட்டரை (தண்ணீரின் மின்கடத்துதிறனை அளப்பது) அதில் வைத்தால் உப்பின் அளவு தெரியும். ஏற்றுமதிக் கட்டிகளுக்கு அந்த மீட்டரில் 0.5 மில்லிசீமன்ஸுக்குக் கீழே கேட்கிறார்கள். நமக்கு அவ்வளவு கெடுபிடி தேவையில்லை, ஆனால் புதுசும் பழசும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. பழைய குவியலின் உப்பு இறங்கியது எங்கே என்று நினைத்தால் மனசு கனக்கிறது. யாரோ ஒருவருடைய கிணற்றுக்குத்தான் அது போயிருக்கும். அதனால்தான் என் களத்தில் ஒரு வாளி கறுப்புத் தண்ணீர்கூட வெளியே போகக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன்.

எடையில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மில்லிலிருந்து வரும் கழிவில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு கிலோ எடுத்து வெயிலில் நன்றாகக் காயவைத்து மறுபடி நிறுத்தால் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. சேர்மானங்களை டிப்பர் எடைக்குக் கணக்குப் போட்டால் எல்லாம் மூன்று மடங்காகிவிடும். நான் கீழே சொல்லும் அளவுகள் காய்ந்த எடைக்கு.

செய்முறை என்று இரண்டு புழக்கத்தில் உள்ளன. வேளாண் பல்கலைக்கழகத்தின் முறையில் ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி சிப்பிக் காளான் வித்து. காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் முறையில் 100 கிலோ கழிவுக்கு 10 கிலோ கோழி எரு, அரைக் கிலோ சுண்ணாம்பு, மணிச்சத்து உள்ள பாறைத்தூளான ராக் பாஸ்பேட் அரைக் கிலோ. பார்ப்பதற்கு இரண்டும் வேறு வேறு. தழைச்சத்தை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 கிலோ யூரியாவில் 46 சதவீதம் என்றால் 2.3 கிலோ. ஒரு டன்னுக்கு 100 கிலோ கோழி எரு, அதில் இரண்டு மூன்று சதவீதம் என்றால் 2 முதல் 3 கிலோ. ஆக, டன்னுக்கு இரண்டரைக் கிலோ தழைச்சத்து வெளியிலிருந்து கொடுத்தால் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிடும் என்றுதான் இரண்டு முறையும் சொல்கின்றன. இது புரிந்துவிட்டால் கையில் எது கிடைக்கிறதோ அதை வைத்துச் செய்யலாம். கடலைப் புண்ணாக்கோ பச்சைத் தழையோ எதுவானாலும் கணக்கு இதேதான்.

எங்கள் பக்கம் கறிக்கோழிப் பண்ணைகளில் தரையில் பரப்புவதே நார்க்கழிவுதான். ஒரு பேட்ச் கோழி ஆறு வாரம் வளர்ந்து போனதும் அந்த எருவை வாரி வெளியே தள்ளுவார்கள். பாதி எச்சம், பாதி நார்க்கழிவு. ஏற்கெனவே கலந்த சரக்கு. கலப்படம் இருப்பதால் சுத்தக் கோழி எருவைவிட வீரியம் குறைவு என்று கணித்து, டன்னுக்கு 200 கிலோ எடுத்துக்கொண்டேன். ராக் பாஸ்பேட் டன்னுக்கு 5 கிலோ சேர்த்தேன். நார்க்கழிவில் மணிச்சத்து இல்லை என்றே சொல்லலாம். சுண்ணாம்பை விட்டுவிட்டேன். என் போர்த் தண்ணீரே உவர். தவிர, கோழி எருவோடு சுண்ணாம்பு சேர்ந்தால் அம்மோனியா கிளம்பும். காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து காற்றில் போகும்.

இரண்டு முறையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று இரண்டு குவியல் போட்டேன். இடம் தென்னை நிழலில், மேடான பகுதியில், கிணற்றுக்கும் போருக்கும் எதிர்ப் பக்கம். தரையைத் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்கி, ஒரு பக்கம் லேசாகச் சரியவிட்டு, சரிவின் அடியில் ஒரு குழி எடுத்துத் தார்ப்பாய் விரித்தேன். வடியும் கறுப்புத் தண்ணீர் அதில் தேங்கும். அதையே மொண்டு குவியல் மேல் ஊற்றிவிடலாம், சத்தும் வீணாகாது.

முதல் குவியல் காளான் குவியல். 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் 100 கிலோ கழிவைப் பரப்பி அதன் மேல் காளான் வித்தை உதிர்த்துத் தூவ வேண்டும். அதற்கு மேல் இன்னொரு 100 கிலோ, அதன் மேல் ஒரு கிலோ யூரியா. மறுபடி வித்து, மறுபடி யூரியா என்று மாற்றி மாற்றிப் பத்து அடுக்கு. ஒவ்வோர் அடுக்கையும் போடும்போதே நனைத்துவிட வேண்டும். எல்லாம் அடுக்கி முடித்து மேலே பைப்பைப் பிடித்தால் தண்ணீர் ஓரமாக வழிந்துவிடும், நடுவில் உலர்ந்தே கிடக்கும். ஒரு கிலோ காய்ந்த கழிவுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. கையில் எடுத்துப் பிழிந்தால் விரல் இடுக்கில் சொட்டு வர வேண்டும். தாரையாக வழியக் கூடாது.

இரண்டாவது, கோழி எருக் குவியல். அடியில் முழுத் தென்னை மட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினேன், கீழிருந்து காற்று போக. நார்க்கழிவு மாவு மாதிரி இறுகிக்கொள்ளும் பொருள். காற்று இல்லாவிட்டால் உள்ளே அழுகி நாறும். அதனால் மட்டை அரைக்கும் இயந்திரத்தில் பொடித்த ஓலையையும் தாராளமாகக் கலந்தேன். ராக் பாஸ்பேட்டை எருவோடு கலந்து தூவிவிட்டு, டிராக்டர் லோடரில் அள்ளி அள்ளிப் போட்டு, மார்பளவு உயரத்துக்கு நீளமான வரப்பாகக் கட்டியாயிற்று.

சில நாளிலேயே இரண்டும் இரண்டு விதமாகப் போயின. கோழி எருக் குவியலில் கடப்பாரையைச் செருகிச் சற்று நேரம் விட்டு உருவினால் கையில் பிடிக்க முடியாது. தெர்மாமீட்டர் 60 டிகிரியைத் தாண்டியது. அந்தச் சூட்டில் களை விதையும் நோய்க் கிருமியும் சாகும். பண்ணை எருவைப் பயன்படுத்தும்போது இது கட்டாயம் வேண்டும். காளான் குவியல் வெதுவெதுப்போடு நின்றுவிட்டது. அது அப்படித்தான் இருக்க வேண்டும். சிப்பிக் காளானின் பூசண இழைகள் 25, 30 டிகிரியில் வளர்பவை. 40ஐத் தாண்டினால் செத்துவிடும். இரண்டு நன்மையும் ஒரே குவியலில் கிடைக்கட்டும் என்று கோழி எருவோடு காளான் வித்தையும் சேர்த்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள். வித்து வெந்துதான் போகும். சூடு தணிந்த பிறகு இரண்டாம் கட்டமாகப் போட்டால் உயிரோடு இருக்கும். என் இரண்டாவது குவியலுக்கு, புரட்டிப் போட்டும் சூடு ஏறவில்லை என்று உறுதியானதும்தான் வித்தைச் சேர்த்தேன்.

புரட்டுவது கோழி எருக் குவியலுக்கு மட்டும். சூடு ஏறி இறங்க ஆரம்பித்ததும் ஒரு தடவை, அப்புறம் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. வெளியில் இருந்தது உள்ளே போக வேண்டும். மூக்கை எரிக்கும் அம்மோனியா வாடை வந்தால் தழைச்சத்து மிகுதி. இன்னும் நார்க்கழிவு சேர்க்க வேண்டும். சாக்கடை வாடை வந்தால் தண்ணீர் மிகுதி, காற்று இல்லை; புரட்ட வேண்டும். காளான் குவியலைப் புரட்டினால் பூசண இழைகள் அறுந்துபோகும் என்பதால் கை வைக்கவில்லை. கீற்று போட்டு மூடி, ஈரம் குறையாமல் மட்டும் பார்த்துக்கொண்டேன். ஓரத்தை விலக்கிப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக நூல் ஓடியிருக்கும். லிக்னினை உடைப்பது அந்த நூல்தான்.

தென்னை வைத்திருப்பவர்கள் அடுத்த விஷயத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். காண்டாமிருக வண்டு முட்டையிடத் தேடுவது எருக்குழியையும் மக்கும் நார்க்கழிவையும்தான். மண்ணை வளமாக்கப் போய் நூறு மரத்தின் குருத்தைப் பறிகொடுக்கக் கூடாது. சூடான குவியலின் நடுவில் புழு இருக்காது. ஆனால் ஓரங்களிலும் அடியிலும், ஆறிப்போன பிறகு எல்லா இடத்திலும் இருக்கும். வெள்ளையாக, தடித்து, வளைந்து கிடக்கும் அந்தப் புழுக்களைப் புரட்டும்போதெல்லாம் பொறுக்கிவிட வேண்டும். நாங்கள் புரட்டுகிற அன்று வீட்டுக் கோழிகளைத் திறந்துவிட்டுவிடுவோம், காக்கையும் மைனாவும் தாமாக வந்துவிடும். குளிர்ந்த காளான் குவியலில் ஆபத்து அதிகம் என்பதால் அதன் ஓரங்களில் மெட்டாரைசியம் பூசணத்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றினேன். அது வண்டின் புழுவைப் பிடித்துப் பச்சைப் பூஞ்சையாக மூடிக் கொல்லும். குவியலைச் சுற்றிச் சின்னப் பானைகளில் ஆமணக்குப் புண்ணாக்கு கரைத்து வைத்ததில் வண்டுகள் வந்து விழுந்தன. ஒரு கிலோ புண்ணாக்குக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். எல்லாவற்றையும்விட முக்கியம், மக்கியதும் தாமதிக்காமல் வயலுக்கு ஏற்றிவிடுவது. ஆறின குவியலை மழைக்காலம் முழுக்கத் தோப்பில் வைத்திருந்தால் அது வண்டுப் பண்ணையாகிவிடும்.

மக்கிவிட்டதா என்பதை நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, பழைய கழிவு ஏற்கெனவே கறுப்புதான். நான் பார்ப்பது வேறு சில. குவியல் நன்றாக அமுங்கியிருக்க வேண்டும். புரட்டி நனைத்தாலும் மறுபடி சூடு ஏறக் கூடாது. கையில் தேய்த்தால் நார் பொடிய வேண்டும். முதல் மழை மண்வாசனை வர வேண்டும். கடைசியாக, ஊறவைத்து வடித்த தண்ணீரை ஒரு துணியில் நனைத்துப் பச்சைப்பயறை அதில் முளைகட்டிப் பார்ப்பேன்; பக்கத்தில் வெறும் தண்ணீரில் இன்னொரு கட்டு. இரண்டிலும் வேர் ஒரே அளவு ஓடினால் வயலுக்குப் போகலாம். வேர் நுனி கருகியோ குட்டையாகவோ இருந்தால் குவியல் இன்னும் இருக்கட்டும். இந்தச் சோதனையில் கோழி எருக் குவியல் முந்திக்கொண்டது. காளான் குவியலுக்கு ஒன்று இரண்டு மாதம் என்று சொல்வார்கள். எனக்கு அந்தக் கெடுவின் பின்பகுதி வரை ஆனது. வேலை என்று பார்த்தால் காளான் குவியல் பாதிகூட இல்லை. ஆள் கிடைக்காத வீட்டுக்கு அதுதான் சரி.

நன்றாக மக்கினால் லிக்னின் 30 சதவீதத்திலிருந்து 5க்கும், கரிமம், தழைச்சத்து விகிதம் 112இலிருந்து 24க்கும் இறங்குகிறது, தழைச்சத்து 0.26இலிருந்து 1.06 சதவீதமாகிறது. இவை பல்கலைக்கழகம் தரும் அளவுகள். இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏக்கருக்கு 5 டன் போடுகிறோம், அதில் பாதி ஈரம். மிச்சம் இரண்டரை டன்னில் தழைச்சத்து சுமார் 26 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் 20 கிலோ சொச்சம் இருக்கிறது. ஆக 5 டன் மக்கு ஒன்றேகால் மூட்டை யூரியாவுக்குச் சமம், அதுவும் முதல் பயிருக்கு ஒரு பங்குதான் கிடைக்கும். லோடு வாடகை, லோடர் வாடகை, ஆள் கூலி எல்லாம் சேர்த்தால் இதை உரம் என்று எண்ணிச் செய்பவர் ஒரு வருஷத்தில் விட்டுவிடுவார். இது மண்ணுக்குத் தண்ணீரைப் பிடித்துவைக்கும் பொருள். அந்த எண்ணத்தோடு செய்பவருக்குத்தான் இது கட்டுப்படியாகும்.

அதனால் வயல் முழுக்கத் தூவவில்லை. சொட்டுநீர்க் குழாய் ஓடும் பாத்தியின் நடுவில் ஒரு சாண் ஆழத்துக்குச் சால் விட்டு, அதில் மக்கை நிரப்பி, மண்ணோடு கலந்து மூடி, அதன் மேல் குழாயை இழுத்துவிட்டேன். வேர் எங்கே இருக்கப் போகிறதோ, தண்ணீர் எங்கே விழப் போகிறதோ, அங்கேதான் இது வேண்டும். மேலே பரப்பினால் வெயிலில் காய்ந்து காற்றில் போகும். தக்காளிக்கு வழக்கமாகக் கொடுக்கும் தழைச்சத்தைக் குறைக்கவில்லை. சாம்பல்சத்தைக் கொஞ்சம் குறைத்தேன்; நார்க்கழிவில் அது இயல்பாகவே உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க நடுவில் சில வரிசைகளை மக்கு இல்லாமல் விட்டேன்.

வித்தியாசத்தை முதலில் காட்டியது செடியல்ல, விரல். சொட்டு விழும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி விரலை விட்டுத் தோண்டினால், மக்கு போட்ட வரிசையில் மறுநாளும் ஈரம் இருந்தது. வெற்று வரிசையில் அந்தத் தூரத்துக்கு ஈரம் வந்து சேரவே இல்லை. சொட்டுக்கு நேர் கீழே இறங்கிப் போயிருந்தது. வெயில் ஏறியபோது வெற்று வரிசைகள் மதியத்துக்கு முன்பே தலை தொங்கின, மற்றவை சாயங்காலம் வரை தாக்குப்பிடித்தன. தண்ணீரை அடிக்கடி கொஞ்சமாக விடுவதை நிறுத்தி, இடைவெளி கொடுத்து விட ஆரம்பித்தேன். எங்கள் பக்கம் போர் ஆயிரம் அடியைத் தொடுகிற நிலையில், மோட்டார் ஒரு மணி நேரம் குறைவாக ஓடினாலும் அது பெரிது. காய் வெடிப்பும் மக்கு போட்ட வரிசைகளில் குறைவாகத் தெரிந்தது. காய்ச்சலும் பாய்ச்சலும் மாறி மாறி வருவதுதான் வெடிப்புக்கு ஒரு காரணம் என்பதால் இது பொருந்திப் போகிறது. விளைச்சலை எடை போட்டு இவ்வளவு கூடியது என்று சொல்லும் அளவுக்கு நான் தனித்தனியாகப் பறிக்கவில்லை.

இனி தொடர வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு ஏக்கரின் மேல் 15 சென்டிமீட்டர் மண் சுமார் 9 லட்சம் கிலோ. அங்ககக் கரிமம் 0.1 சதவீதம் ஏற வேண்டுமானால் 900 கிலோ கரிமம் அந்த மண்ணில் தங்க வேண்டும். 5 டன் மக்கில் இருப்பது 600 கிலோ; அதிலும் நம் வெயிலுக்கும் உழவுக்கும் பெரும்பகுதி கரைந்துவிடும். ஒரு வருஷம் போட்டுவிட்டு அட்டையில் 'குறைவு' என்பது மாறும் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே அதே பாத்தியைக் கலைக்காமல், அதே சாலில் வருஷா வருஷம் போடப் போகிறேன். தக்காளி முடிந்ததும் டிராக்டர் விட்டுப் புரட்டாமல், வேரை மண்ணிலேயே விட்டுச் செடியின் மேல்பகுதியை மட்டும் அறுத்துவிட்டு, அடுத்து தட்டைப்பயறு. மில்காரரிடம் பழைய குவியலில் இன்னும் இரண்டு லோடு சொல்லி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஏற்றிவிட வேண்டும். மழை பிடித்துவிட்டால் டிப்பர் உள்ளே போகாது, அந்தக் குவியலின் தண்ணீரும் ஊர்க் கிணற்றுக்குத்தான் இறங்கும்.